செய்நிரலாக்கக் கல்வி: கட்டணம் எதனை வாங்குகின்றது?

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வெளிவரும் வரையுள்ள மாதங்களில், இலங்கையின் தமிழ் இல்லங்கள் பலவற்றிலே இக்காலத்தில் ஒரு வாதம் எழுகின்றது. மகனோ மகளோ கணினிச் செய்நிரலாக்கம் பயில விரும்புகின்றார். அதனை ஆறு மாதத்திற் கற்பித்துத் தருவதாக நகரத்துத் தனியார் நிலையமொன்று விளம்பரஞ் செய்கின்றது. கட்டணமோ குடும்பத்தின் ஒரு மாத வருவாயை விஞ்சி நிற்கின்றது. நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிடுவோம் என்பது தாயின் எண்ணம். "இவையெல்லாம் இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றனவே, பணம் எதற்கு?" என்பது தாய்மாமனின் கேள்வி. "இலவசமாகக் கிடைப்பதை ஒழுங்காகப் படித்து முடித்தவர் எத்தனை பேர்?" என்பது தகப்பனாரின் மறுமொழி.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் பணம் கொடுத்துப் பயில்வது சிறந்ததா, தாமே பயில்வது சிறந்ததா என்று வினவுவதற்கு முன்னர் விடை காணவேண்டிய வினா வேறொன்று உளது. கட்டணமாகக் கொடுக்கும் பணம் எதனை வாங்குகின்றது என்பதே அது. அவ்வினாவுக்கு விடை தெளிந்தால், ஏனையவை தாமாகவே தெளியும்.

முதலில், கற்கப்படும் பொருளின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். செய்நிரல் என்பது ஒரு கருமத்தைக் கணினி எவ்வொழுங்கிற் செய்யவேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதிய கட்டளைத் தொடராகும். ஓர் ஆண்டைச் சொன்னால், அவ்வாண்டின் பெப்ரவரி மாதத்துக்கு இருபத்தொன்பது நாள் உண்டா, அதாவது அது லீப் வருடமா என்று கூறும் செய்நிரலொன்றைப் புதிதாகப் பயிலும் மாணவர் எழுதுகின்றார் என்று கொள்க. நான்கால் மீதியின்றி வகுபடும் ஆண்டெல்லாம் லீப் வருடம் என்று அவர் எழுதுவார். எழுதும்போது ஓர் அடைப்புக்குறியை மறந்துவிட்டால், கணினி அக்கணமே செய்நிரலை நிறுத்தி, பெரும்பாலும் இன்ன வரியிற் பிழை என்று சுட்டிக்காட்டும். திருத்திய பின்னர் 2020 ஐக் கொடுத்தால் ஆம் என்னும்; 2023 ஐக் கொடுத்தால் அன்று என்னும். மாணவர் மகிழ்வார். ஆனால் 2100 ஐக் கொடுத்தாலும் அது ஆம் என்றே கூறும். அது பிழை. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டாலன்றி லீப் வருடமாகாது. 2000 ஆம் ஆண்டு லீப் வருடம், 1900 அன்று, 2100 உம் அன்று. இப்பிழையைக் கணினி ஒருபோதும் சுட்டிக்காட்டாது. சொன்னதைச் செய்தோம் என்று வாளாவிருக்கும்.

ஆகவே செய்நிரலில் இருவகைப் பிழைகள் உள. ஒன்று எழுத்துப் பிழை. அதனைக் கருவியே காட்டும். மற்றையது எண்ணப் பிழை. அதனை அறிவுடைய ஒருவர் பார்த்தே திருத்தவேண்டும். தச்சுத் தொழிலிலும் தையற்கலையிலும் தொடக்கப் பிழையைக் காட்டுதற்கே ஆசான் பக்கத்தில் இருத்தல் வேண்டும். செய்நிரலாக்கத்திலோ தொடக்கப் பிழைகளுட் பெரும்பாலானவற்றைக் கருவி தானே காட்டிவிடுகின்றது. தனித்துப் பயில்வது இக்கலையில் ஓரளவு இலகுவாவதற்குக் காரணம் இதுவே. எண்ணப் பிழை தங்கிவிடுவதே தனித்துப் பயில்வதிலுள்ள இடராகும்.

அடுத்து, அறிவு இலவசம் என்னும் கூற்றை ஆராய்வோமாயின், அது பெரும்பாலும் மெய்யே. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் றொசம் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட பைதன் என்னும் கணினி மொழி எவருக்கும் விலையின்றிக் கிடைக்கின்றது. அதனை எழுதி இயக்குதற்கு வேண்டிய கருவிகளும் அவ்வாறே. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வெளியிடப்போவதாக 2001 ஆம் ஆண்டில் அறிவித்தது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் "சீ.எஸ். 50" என்னும் கணினி விஞ்ஞான அறிமுகப் பாடத்தின் விரிவுரைகளையும் பயிற்சிகளையும் எந்நாட்டவரும் கட்டணமின்றிப் பெறலாம். 2014 ஆம் ஆண்டில் தோன்றிய "பிரீ கோட் காம்ப்" என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, பயிற்சிகளைப் படிப்படியாக வகுத்து வழங்குகின்றது. இவையெல்லாம் அந்நியநாட்டு முயற்சிகள் என்று கருதவேண்டியதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் தன் திறந்த கல்வித் தளத்திலே இணையப்பக்க வடிவமைப்பு, பைதன் முதலிய பாடங்களை இலவசமாக நடத்துகின்றது. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திட்டத்திலும் பைதன் இடம்பெறுகின்றது. அதற்கான ஆசிரியர் வழிகாட்டி தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்திலே தமிழிலும் கிடைக்கின்றது.

எனவே, தனியார் நிலையத்துக்குக் கொடுக்கும் பணம் பாடத்தை வாங்குவதற்கன்று. அங்ஙனமாயின் தகப்பனாரின் மறுமொழிக்கு யாது சமாதானம்?

அவர் கூற்றை அரண்செய்யும் கணக்கொன்று உண்டு. ஹாவார்ட் பல்கலைக்கழகமும் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகமும் இணையத்தில் நடத்திய பாடநெறிகளை ஆராய்ந்த இருவர், தம் முடிவுகளை 2019 ஆம் ஆண்டில் "சயன்ஸ்" என்னும் விஞ்ஞான இதழில் வெளியிட்டனர். 2017–18 ஆம் ஆண்டுப் பாடங்களிற் சேர்ந்தோர் அனைவரையும் ஒருங்கே எடுத்தால், முடித்தவர் நூற்றுக்கு மூவர் அளவினரே. சான்றிதழுக்காகப் பணம் கட்டியோரை மாத்திரம் எடுத்தால், நூற்றுக்கு நாற்பத்தாறு பேர் முடித்தனர். இக்கணக்கை மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர், பணம் கொடுத்தால் கல்வி வரும் என்பர். அது சரியன்று. விரிவுரை இருசாராருக்கும் ஒன்றே. முடிக்கவேண்டும் என்னும் உறுதி முன்னரே உடையோரே பணம் கட்டியிருத்தல் கூடும். பணம் கட்டியபின் அதனை வீணாக்கலாகாது என்னும் எண்ணமும் அவர்களைப் பிணித்திருத்தல் கூடும். அன்றியும், பணம் கட்டியோரிலும் அரைவாசிக்கு மேற்பட்டோர் முடிக்கவில்லை என்பதை மறத்தலாகாது.

இவற்றைக்கொண்டு பார்க்கும்போது, கட்டணம் வாங்கித்தரக்கூடியவை நான்கே எனலாம். அவை ஒழுங்கு, கட்டாயம், திருத்தம், சான்று என்பன.

ஒழுங்காவது, எதனை முன்னும் எதனைப் பின்னும் கற்பது என்னும் வரிசை. இணையத்திலே பாடங்கள் மலிந்திருப்பதே புதியவருக்கு இடையூறாகின்றது. திங்களன்று பைதன், புதனன்று ஜாவா, வெள்ளியன்று இணையப்பக்கம் என்று தாவுபவர் ஆண்டு முடிவிலும் தொடக்கத்திலேயே நிற்பார். ஆயின் இவ்வொழுங்கைப் பணமின்றியும் பெறலாம். மேற்கூறிய இலவசப் பாடநெறிகளுள் ஒன்றைத் தெரிந்து, அது முடியும்வரை வேறொன்றையும் தொடுவதில்லை என்று உறுதி பூண்டால் போதும்.

கட்டாயமாவது, குறித்த நாளிற் குறித்த வேலையை முடிக்கச் செய்யும் வெளித்தூண்டல். இதுவும் விலைக்கு மாத்திரம் கிடைக்கும் பொருளன்று. நண்பர் மூவர் கூடி, ஞாயிறுதோறும் ஊரின் வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ சந்தித்து, அவ்வாரம் எழுதிய செய்நிரலை ஒருவருக்கொருவர் காட்டவேண்டும் என்று நியமம் செய்துகொண்டால், வகுப்பின் கட்டாயத்திற் பெரும்பகுதி அங்கே கிடைத்துவிடும்.

திருத்தமே இந்நான்கினுள் அருமையானது. லீப் வருடப் பிழையை மாணவர் தாமாகக் கண்டுபிடிக்கக்கூடும். ஆனால் நூறு வரியில் எழுதத்தக்கதை ஐந்நூறு வரியில் எழுதியிருப்பதையும், பின்னொருநாள் மாற்றமுடியாதவாறு பின்னி வைத்திருப்பதையும் எவர் அவருக்குச் சொல்வார்? கணித மேதை இராமானுஜன், கும்பகோணத்திலே கார் என்பவர் தொகுத்த சூத்திர நூலொன்றைத் துணைக்கொண்டு தாமே பயின்றவர். 1913 ஆம் ஆண்டில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதி அனுப்பிய முடிவுகளுட் சில உலகைத் திகைக்கவைத்தன. வேறு சிலவோ ஐரோப்பாவில் முன்னரே அறியப்பட்டிருந்தன. வழிகாட்ட ஒருவர் இருந்திருப்பின், அவற்றை மீண்டும் கண்டுபிடிக்கச் சென்ற உழைப்பு மிஞ்சியிருக்கும். மேதைக்கே இந்நிலையெனின், சாதாரண மாணவருக்குத் திருத்துபவரின் அருமையைக் கூறவேண்டியதில்லை.

ஆனால், கட்டணம் கொடுத்தால் திருத்தம் கிடைத்துவிடும் என்று நம்புதல் தகாது. அறுபது மாணவரை ஒருங்கே இருத்தி, திரையிற் படங்காட்டி, குறிப்புத் தாள் வழங்கி அனுப்பும் வகுப்பிலே ஆசிரியர் எவருடைய செய்நிரலையும் வாசிப்பதில்லை. அவ்வகுப்பு விற்பது விரிவுரையையே. அஃது இணையத்தில் இலவசமாய்க் கிடைப்பது. பத்துப் பன்னிருவரைக் கொண்டு, ஒவ்வொருவருடைய வேலையையும் வாரந்தோறும் வாசித்து, ஏன் இவ்வாறு எழுதினீர் என்று கேட்கும் ஆசிரியரின் வகுப்புக்குக் கட்டணம் அதிகமாயினும் அது பயனுடையது.

நான்காவதான சான்று பற்றிச் சில சொற்கள். மென்பொருள் நிறுவனங்கள் பல, விண்ணப்பதாரர் செய்த வேலையைக் காட்டுமாறு கேட்கின்றன. ஒரு கணக்கைக் கொடுத்து அங்கேயே எழுதச் சொல்வதும் உண்டு. அரசாங்க உத்தியோகத்துக்கோ ஏற்பளிக்கப்பட்ட தகைமை இன்றியமையாதது. ஆகவே சான்றிதழ் வேண்டுமெனின், எவர் வழங்கும் சான்றிதழ் என்று பார்த்தல் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் தொடக்கிய தகவல் தொழினுட்பவியல் வெளிவாரிப் பட்டம் இங்கே கருதத்தக்கது. அதிற் பாடத்திட்டத்தை வகுப்பதும் பரீட்சை நடத்துவதும் பல்கலைக்கழகமே. மாணவர் தனியார் நிலையமொன்றிற் பயின்றும் தோற்றலாம். தாமே பயின்றும் தோற்றலாம். கற்பித்தலும் சான்றளித்தலும் அங்கே வெவ்வேறாக நிற்பதால், பதிவுக்கும் பரீட்சைக்கும் உரிய பணத்தை மாத்திரம் செலுத்தி, வகுப்புக் கட்டணத்தை மீதப்படுத்தும் வழி திறந்திருக்கின்றது. தொழிற்றுறைச் சான்றுகளுக்குத் தேசிய தொழிற் தகைமை என்னும் ஏழு மட்டங்கொண்ட முறைமை உண்டு. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் பல, கட்டணமின்றியோ சிறு கட்டணத்துடனோ அச்சான்றுக்குரிய பயிற்சியை அளிக்கின்றன.

இனி, செலவின் உண்மைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வகுப்புக்குக் கட்டணம் 60,000 ரூபா என்றும், வாரம் இரண்டு நாள், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாக இருபத்தாறு வாரம் நடைபெறும் என்றும் வைத்துக்கொள்க. மொத்தம் 52 நாள். 104 மணி நேரம். மணி நேரத்துக்கு ஏறத்தாழ 577 ரூபா. மாணவர் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேருந்திற் சென்று வருபவராயின், போகவும் வரவும் இரண்டு மணி நேரம் வைத்தாலும், பயணத்திலேயே மற்றுமொரு 104 மணி நேரம் கழியும். பேருந்துக் கட்டணம் வேறு. நேரலை வகுப்பாயின் இப்பயணம் இல்லை. எவ்வாறாயினும், வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்டதை வீட்டில் இரண்டு மணி நேரமாவது எழுதிப் பழகினாலன்றிச் செய்நிரலாக்கம் கைவராது. அது 208 மணி நேரம். ஆகவே, பணங்கொடுத்து வகுப்பிற் சேர்ந்தவரும் தம் கல்வியின் மூன்றில் இரண்டு பங்கைத் தாமே பயில்பவராவார். தாமே பயிலும் பழக்கமில்லாதவரை வகுப்பு காப்பாற்றாது. இவ்வுண்மையை விளம்பரங்கள் கூறுவதில்லை.

இதிலிருந்து பிறிதோர் உண்மையும் பெறப்படும். வீட்டிற் கணினி இல்லையெனின் அந்த 208 மணி நேரம் எங்கே நடைபெறும்? கைத்தொலைபேசியில் விரிவுரை பார்க்கலாம். சிறு பயிற்சிகளும் செய்யலாம். பெரிய செய்நிரலை எழுதிப் பழகுதல் அரிது. கையில் உள்ள பணம் வகுப்புக்கு அல்லது கணினிக்கு என இரண்டில் ஒன்றுக்கே போதுமாயின், நல்ல நிலையிலுள்ள பழைய மடிக்கணினி ஒன்றை வாங்குவதே முறை. கணினி இருந்தால் வகுப்பின்றியும் கற்கலாம். வகுப்பு மாத்திரம் இருந்தால் கற்றது கையில் நில்லாது. கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கணினிக்கு வழியின்றி நிற்கும் குடும்பம் இரண்டையும் இழக்கின்றது.

தமிழ்மொழி மூலம் பயின்ற மாணவருக்கு ஆங்கிலம் பற்றிய அச்சமும் உண்டு. பைதன் மொழி தனக்கென ஒதுக்கிய ஆங்கிலச் சொற்கள் ஏறத்தாழ 35 மட்டுமே; அவற்றை ஒரு வாரத்தில் அறியலாம். உண்மையான இடர்ப்பாடு, கணினி காட்டும் பிழைச் செய்தியையும் விளக்க ஏடுகளையும் வாசிப்பதிலேயே உள்ளது. தொடக்கத்திற் பொருளைத் தமிழில் விளக்கும் ஆசிரியர் கிடைப்பின், அவருக்குக் கொடுக்கும் பணம் வீணன்று. ஆயினும் அவ்வாசிரியர் ஆங்கில ஏடுகளை வாசிக்கவும் பழக்குகின்றாரா என்று பார்த்தல் வேண்டும். அப்பழக்கம் இல்லாதவர், வகுப்பு முடிந்த மறுநாளே வழியற்று நிற்பார்.

2022 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த சற் ஜீ.பி.ரி. முதலிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இவ்வினாவுக்குப் புதியதொரு முகத்தைக் கொடுத்துள்ளன. பிழைச் செய்தியைக் கொடுத்தால் அவை விளக்கம் கூறும், தமிழிலும் கூறும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவருக்கு இஃது ஒரு பேறே. ஆனால் அவை சிலவேளை பிழையையும் உறுதியான குரலிற் கூறும். அதனினும் பெரிய தீங்கு, கேட்டமாத்திரத்திலே முழுச் செய்நிரலையும் எழுதித் தந்துவிடுவது. பிறர் எழுதிய விடையைப் பார்த்தெழுதியவர் கணக்கைக் கற்றவராகார். தாம் முதலில் எழுதி, சிக்கியவிடத்தில் ஏன் என்று கேட்பதற்கே அக்கருவியைப் பயன்படுத்தல் வேண்டும்.

இவையனைத்தையும் நோக்கும்போது, பணத்தைக் கொடுக்குமுன் ஆறு வார காலச் சோதனையொன்றைச் செய்துபார்த்தல் அறிவுடைமை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஓர் இலவசப் பாடநெறி, ஒரு கணினி; வேறொன்றும் வேண்டா. ஆறாவது வார முடிவிலே, கூட்டுறவுக் கடையின் கடன் கொப்பியைக் கணக்கிடுவது போன்ற சிறு செய்நிரலொன்றைப் பிறர் உதவியின்றி எழுதிப் பார்க்கவேண்டும்.

எழுதி முடித்தவர் தாமே தொடர்ந்து பயிலலாம். பின்னர் உயர்ந்த பயிற்சி வேண்டுமாயின் அப்பொழுது பணம் கொடுக்கலாம். நாள்தோறும் உட்கார்ந்தும் இடையிடையே சிக்கி முடிக்கமுடியாதவருக்கு வேண்டியது திருத்தம். அவர் சிறிய வகுப்பையோ தனியாசிரியரையோ நாடுதல் தகும். ஆர்வமிருந்தும் ஒழுங்காக உட்காராதவருக்கு வேண்டியது கட்டாயம்; அவர் முதலில் நண்பர் குழுவொன்றைச் சேர்த்துப் பார்க்கட்டும், அதுவும் பயன்படாவிடின் குறுகிய காலப் பாடநெறியிற் சேரட்டும். ஆறு வாரத்தில் விருப்பமே அற்றுப்போனவர் தமக்குரிய துறை வேறு என்பதைச் செலவின்றி அறிந்துகொண்டார். அதுவும் இலாபமே.

வகுப்பிற் சேர்வதென்று முடிவு செய்த பெற்றோர், கட்டணத்தைச் செலுத்துமுன் சில வினாக்களை நிலையத்தாரிடம் கேட்டல் வேண்டும். பாடம் எடுப்பவர் யார். அவர் தாமே மென்பொருள் செய்து அனுபவமுள்ளவரா? ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்? மாணவரின் வேலையை யார், எத்தனை நாளுக்கொருமுறை வாசிப்பார்? முன்னர் பயின்றோர் செய்த வேலைகளைக் காட்டமுடியுமா? கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தலாமா. இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்தில் உள்ளதா? 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவிலே நிலையம் பதிவு செய்யப்பட்டுள்ளதா? இவ்வினாக்களுக்கு நேராக விடை கூறும் நிலையம் நம்பத்தக்கது. விடை கூறாது, வேலை நிச்சயம் என்று மாத்திரம் கூறும் நிலையத்தை விட்டு நீங்குதல் நன்று. வேலையை நிச்சயம் செய்யும் அதிகாரம் எந்த வகுப்புக்கும் இல்லை.

ஆதலின், பணம் கொடுப்பதும் கொடாமையும் இங்கே பெருமையோ சிறுமையோ அன்று. ஒழுங்கு, கட்டாயம், திருத்தம், சான்று என்னும் நான்கனுள் எது தம்மிடம் இல்லை என்று மாணவர் முதலில் அறிதல் வேண்டும். இல்லாததற்கு மாத்திரம் விலை கொடுத்தல் வேண்டும். 1945 ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வியைப் பேணிவரும் நாட்டிலே, விலையின்றிக் கிடைக்கும் பாடத்தையே விலைக்கு வாங்கக் குடும்பங்கள் கடன்படுவது தவிர்க்கத்தக்கது. நல்ல ஆசிரியர் ஒருவர் மாணவரின் செய்நிரலை வரிவரியாய் வாசித்துத் திருத்தும் நேரத்துக்கோ எவ்விலையும் மிகையன்று.